அட்டைப்படத்துக்கு வந்த முகம்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எங்கள் பிளெக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் முதலாளியைத் தேடுவதில்லை. "ஜோதிமணி இருக்காளா?" என்றுதான் கேட்பார்கள். நான் சண்முகவள்ளி, பேப்பர் வெட்டுவதும் பைண்டிங்கும் என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் அவள்.

ஆளைப் பார்த்ததுமே அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பனியனோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், கோட்டு மாட்டிவிடுவாள். ஒட்டிய கன்னத்தைப் பூரிக்க வைப்பாள். ஏன்டி இப்படிப் பொய் பண்றே என்று ஒருநாள் கேட்டேன். "நெச மூஞ்சியத்தான் தெனம் கண்ணாடியில பாக்குறாங்களேக்கா. விசேஷத்தன்னைக்குமா அதையே பாக்கணும்?" என்றாள். நியாயமான பேச்சுதான்.

அவள் பெரும்பாறை காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அப்பா பிச்சையா, சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுபிள்ளையாக வந்தவர். எஸ்டேட் வேலை போக, தப்பு அடிப்பார். சாவு வீடுகளில் நாள் முழுக்க அடிக்கவிட்டு, ஓரமாக நிற்கவைத்துச் சோறு போட்டது அவருக்கு ஆறவில்லை. மகள் படிப்பை முடித்த வருஷம், இனிச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முருகன் சந்நிதியில் சத்தியம் செய்துவிட்டார். அதோடு கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். வடகவுஞ்சி காவடிக் குழு மட்டும் தைப்பூசம் தவறாமல் கூப்பிட்டது.

இந்த நேரத்தில்தான் சுசித்ரா மேடம் கடைக்கு வந்தார். சென்னைக்காரர், இங்கே பங்களா வாங்கிக் குடியேறியவர். மலையில் மேளதாளம் வாசிக்கிறவர்களுக்கென்று ஓர் இசைப் பத்திரிகை தொடங்கப்போவதாகச் சொன்னார்.

"பாத்த உடனே இங்க இருக்கிற ஒவ்வொரு ஆர்ட்டிஸ்டும் 'இது நம்மளோடது'ன்னு சொல்லணும் ஜோதிமணி. உங்களைவிட அது யாருக்குத் தெரியும்?"

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிவிட்டாள். பாச்சலூர், வடகவுஞ்சி என்று லீவு நாளெல்லாம் அலைந்து, வாசிக்கிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவந்தாள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: படம் பளிச்சென்று இருக்கணும், பேர் பெரிசாக இருக்கணும், போன் நம்பர் இருக்கணும். அப்படியே செய்தாள். உள்ளே ஒவ்வொரு மேள செட்டுக்கும் ஒரு பக்கம். அட்டையில் அவள் அப்பா, தீபாவளிக்கு எடுத்த மெரூன் சட்டையில் தப்போடு சிரித்தபடி. மஞ்சள் எழுத்தில் பேர், அதற்குக் கீழே நம்பர்.

"இதப் பாத்து நாலு ஊருக்காரங்க காவடிக்குக் கூப்பிட்டாப் போதும்க்கா. சத்தியத்த விடாம அப்பா காலத்த ஓட்டிருவாரு."

மேடம் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "ஐயோ, பிளெக்ஸ் போர்டு மாதிரி இருக்கே!" அவரே எடுத்துவைத்திருந்த வேறொரு படத்தைக் காட்டினார். அதில் பிச்சையா சட்டையில்லாமல், வேர்வை வழிய, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அடிக்கிறார். அதை அட்டை நிறையப் போட்டுக் கலரை எடுத்துவிடச் சொன்னார். எழுத்து பொடியாக அடியில் இருந்தால் போதுமாம். போன் நம்பர் விளம்பரம் மாதிரி இருக்கிறதாம், வேண்டாமாம்.

"மேடம், எங்க பக்கம் செத்தவங்களுக்குத்தான் கறுப்பு வெள்ளையில போடுவோம். கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சிருவாங்க மேடம்."

"நம்ம ரீடர்ஸ் அப்படி நினைக்க மாட்டாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "யாருங்க மேடம் உங்க ரீடர்ஸ்?" என்று கேட்டேவிட்டேன்.

ரிசார்ட்டில் தங்குகிறவர்களாம், காபி ஷாப்புக்கு வருகிறவர்களாம். அவர்கள் வாங்கினால்தானே பத்திரிகை நடக்கும் என்றார். அட பாவமே! முகம் மட்டும் எங்களுடையது, பார்க்கிற கண் வேறு யாருடையதோ. முதலாளி கல்லாவிலிருந்தே அதட்டினார், "கஸ்டமர் சொல்றதச் செய்ம்மா, வெரசா." ஜோதிமணி மவுஸைப் பிடித்துக் கலரை எடுத்தாள்.

வெளியீட்டு விழாவுக்கு அந்த அட்டையையே பெரிய போஸ்டராக அடித்து, மலை முழுக்க ஒட்டவைத்தார் மேடம். பெரும்பாறை பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பிச்சையா வேலை முடிந்து வந்தால், லயத்து வாசலில் பெண்கள் கூடி அழுதுகொண்டிருக்கிறார்கள். பாச்சலூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் மாலையோடு வந்து நிற்கிறார். "ஏலே பிச்சையா, நீ சாவலயா!" என்று அவர் அலற, கூட்டமே சிரித்துவிட்டது. பிச்சையாவும் சிரித்தார். மறுநாள் ஜோதிமணி என்னிடம் சொல்லும்போது அவளும் சிரித்தாள்.

தைப்பூசம் நெருங்கியும் வடகவுஞ்சியிலிருந்து தகவல் வரவில்லை. பிச்சையா நேரிலேயே போனார். காவடிக் குழுத் தலைவர் நல்லுசாமி எழுந்து நின்று பேசினாரே தவிர, உட்காரச் சொல்லவில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. போஸ்டரப் பாத்துட்டு வேற செட்டுக்குச் சொல்லிட்டோம்."

"அதான் உசுரோட வந்து நிக்கிறேனேப்பா."

"நிக்கிறீங்க. ஆனா செவுத்துல அப்பிடிப் பாத்த மொகமாச்சே, மனசு பகீர்ங்குதுண்ணே. காவடிக்கு முன்னால எப்பிடி நிறுத்துறது? சனங்க ஒத்துக்க மாட்டாங்க."

ஜோதிமணி மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் குரல் துள்ளியது. "ஓ மை காட், என்ன ஒரு ஸ்டோரி! அடுத்த இதழ்ல இதையே எழுதுவோம்." போனைப் பிடுங்கி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மேடம் எப்போது வைத்தாரோ தெரியாது. நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

தைப்பூசம் போனது. அடுத்த வாரம் பாச்சலூரில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. பிச்சையாவைக் கூப்பிட ஆள் வந்தது. அவர் உள்ளே போய்த் தப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஜோதிமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்ப்பா. சத்தியம் பண்ணிருக்கீங்க."

"செத்தவனுக்கு ஏது தாயி சத்தியம்? வழிய விடு."

கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. நீ ஏன்டி விட்டே, கையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாதா என்று நான்தான் கத்தினேன்.

"எந்த மொகத்த வச்சுக்கிட்டு இழுக்குறது? அந்தப் படத்துல கலர எடுத்தது நாந்தானேக்கா" என்றாள்.