கதண்டுக் கூடும் சாம்பிராணிப் புகையும்

கால்சட்டைக்குள் குளவி இருக்கிறது என்பது, என் கணவர் அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் பேருந்து ஓட்டுநர். அந்தச் சனிக்கிழமை மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கம்பியில் காய்ந்த சீருடையை உதறாமல் அப்படியே எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அடுத்த நிமிடம் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒற்றைக் காலில் அறை முழுக்கக் குதித்துக்கொண்டிருக்கிறார். "கழட்டு! கழட்டு!" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார், ஏதோ அந்தக் கால்சட்டையை நான் போட்டிருப்பது போல.

ஒருவழியாக அது தரையில் விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பூச்சி ஊர்ந்து வந்தது. நல்ல கறுப்பு உடம்பு, வயிற்றில் பளிச்சென்று ஆரஞ்சுப் பட்டை. சாவகாசமாக இறக்கையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. தொடையில் இரண்டு இடத்தில் கொட்டியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். முகம் வீங்குகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. எங்கும் நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் வேலைக்குப் போன பிறகு ஜன்னல் வழியாக மெல்ல எட்டிப் பார்த்தேன். வெளியே ஏர்கான் இயந்திரம் வைத்திருக்கும் மேடையின் அடியில், ஒரு சின்ன பப்பாளி அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. மரப்பட்டை போல வரிவரியாக இருந்தது. கீழே ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் இரண்டு பேர் காவல். எங்கள் வீடு சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பேட்டையில் ஒன்பதாவது மாடி. இவ்வளவு உயரத்துக்கு இவர்கள் எப்போது வந்தார்கள், எத்தனை நாளாகக் கட்டுகிறார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அபாயகரமான பொருள் என்று எழுதிய பெட்டியைக் கண்டால் தொடாதே, தள்ளி நில், ஆளைக் கூப்பிடு என்பதுதான் எங்கள் பாடம். அதே மாதிரி பூச்சி ஒழிப்பு நிறுவனம் ஒன்றுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் வருகிறோம், அதுவரை ஜன்னலைத் திறக்காதீர்கள், கூட்டின் மேல் எதையும் அடிக்காதீர்கள், ஊற்றாதீர்கள் என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

என் கணவருக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. காலையிலிருந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். "இந்த ஊர்ல டபுள் டெக்கரே ஓட்டுறேன். ஒரு பூச்சிக் கூட்டுக்கு ஆள் கூப்பிடணுமாம்" என்றார்.

"கூட்டுக்கு இல்லைங்க, உள்ள இருக்கறதுக்கு."

"உள்ள எத்தன இருக்கும்? பத்து, பதினஞ்சு. புகை போட்டா ஓடிரும்."

மதியம் அண்ணி வந்தார். அண்ணி என் கணவருக்கு அக்கா, லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறு காலை வியாபாரம் முடிந்ததும், மிஞ்சிய மல்லிகையை ஒரு பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"குளவி கூடு கட்டிருக்கா? அத ஏன் கலைக்கிறீங்க? வீட்டுல விசேஷம் வரப்போகுதுன்னு அர்த்தம்."

"அக்கா, அது மண்ணுல கட்டுற குளவிக்குச் சொல்றது. இது வேற. கதண்டு" என்றார் கணவர், வீங்கிய தொடையைத் தடவிக்கொண்டே.

"எல்லாம் ஒரே ஜாதிதான்" என்று அண்ணி முடித்துவிட்டார். ஆனால் தம்பி புகை போடப் போகிறேன் என்றதும் தடுக்கவில்லை. தூபக்காலையும் சாம்பிராணியையும் பூஜை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். சாம்பிராணிப் புகை நல்லதுதானே, எங்கே போனால் என்ன என்பது அவருடைய கணக்கு.

கணவர் தயாரானார். மழைக்கோட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. இடது கையில் கொசு அடிக்கும் மின்சார பேட். என் மகன், இருபத்தாறு வயது, ஒரு மருத்துவமனையில் கணினிப் பிரிவில் இருக்கிறான், வாசலில் நின்று படம் எடுத்தான். "அப்பா, சீரியஸா சொல்றேன், டோன்ட் லா" என்று சொல்லிக்கொண்டேதான் எடுத்தான். நான் குறுக்கே நின்று பார்த்தேன். "தள்ளு" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தூபக்காலை வைத்தார். கங்கு நன்றாகக் கனன்றதும் ஒரு கைப்பிடி சாம்பிராணி போட்டார். ஜன்னலைத் திறந்து, செய்தித்தாளால் புகையை வெளியே விசிறினார்.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து காற்று உள்ளே அடித்தது. புகை முழுக்கத் திரும்பி வந்தது. முதலில் சமையலறை மறைந்தது, அப்புறம் என் கணவர் மறைந்தார். கூடத்துக் கூரையில் இருந்த புகை அலாரம் காது கிழியக் கத்தத் தொடங்கியது. அந்தக் கூச்சலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. பெரிய மின்விசிறியைத் தூரத்தில் போட்டது போல ஒரு இரைச்சல். புகையோடு சேர்ந்து அவையும் உள்ளே வந்துகொண்டிருந்தன. பத்தும் இல்லை, பதினைந்தும் இல்லை.

"ஓடுங்க!" என்று புகைக்குள்ளிருந்து கணவர் வெளிப்பட்டார். பேட்டைச் சுழற்றிக்கொண்டே வந்தார். பட் பட்டென்று இரண்டு பொரிந்தன. மற்றவற்றுக்கு அது பிடிக்கவில்லை. கையுறைக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில் தெரிந்த இரண்டு அங்குல மணிக்கட்டைச் சரியாகக் கண்டுபிடித்துக் கொட்டின.

எங்களுடையது புது பிளாக். சமையலறைக்குப் பக்கத்திலேயே பாம் ஷெல்ட்டர் உண்டு. போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிக் கொடுத்த, இரும்புக் கதவு போட்ட அறை. எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் அதில் அரிசி மூட்டை, பயணப் பெட்டிகள், தீபாவளி விளக்குகள், பழைய மிக்சி இருந்தன. நான்கு பேரும் அதற்குள் விழுந்து கதவை இழுத்துச் சாத்தினோம்.

கணவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அண்ணி பெரிய பயணப் பெட்டி மேல். நானும் மகனும் நின்றோம், வேறு இடமில்லை. தலையெல்லாம் சாம்பிராணி மணம். போனில் சிக்னல் இல்லை. மகன் மட்டும் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிப் பிடித்து ஒரு கோடு வரவழைத்தான். பூச்சி ஒழிப்புக்காரர்களை ஸ்பீக்கரில் போட்டு, அவசரம் என்று சொன்னோம். யாருக்காவது ஒவ்வாமை உண்டா, மூச்சு சிரமம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், ஆறு மணிக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அப்போது மணி நான்கு.

பிறகு அண்ணி நிதானமாக ஆரம்பித்தார்.

"எது எப்படியோ, கூடு கட்டிருச்சு. வருஷத்துக்குள்ள இந்த வீட்டுல கொழந்த அழுற சத்தம் கேக்கும். நீங்க வேணா பாருங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணி, எனக்கு அம்பத்திரண்டு."

அண்ணியின் பார்வை என்னைத் தாண்டி என் மகன் மேல் போய் நின்றது. அவன் தூக்கிய கையைக் கீழே இறக்கினான். சிக்னல் போய்விட்டது.

"என்ன அத்தை என்னைப் பாக்குறீங்க? கல்யாணமே ஆகல. அடுத்த வருஷம் ஃபிளாட்டுக்கு அப்ளை பண்ணிட்டு, அப்புறம்தான் மத்ததெல்லாம்னு இருக்கோம்."

வெளியே அலாரம் அந்த நொடி பார்த்து நின்றது.

"இருக்கோமா?" என்றேன் நான்.

அவன் பழைய மிக்சியைப் பார்த்தான்.

"யாருடா அந்த 'கோம்'?" என்றார் அண்ணி.

"என்ன? யாரு? சத்தமா சொல்லுங்க" என்றார் கணவர். ஹெல்மெட்டுக்குள் அவருக்குப் பாதிதான் கேட்டிருந்தது. நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். மகன் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அதே மருத்துவமனையில் தாதி. இரண்டு வருடப் பழக்கம். யாழ்ப்பாணப் பூர்வீகம், கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் என்ன சொல்வோமோ என்றுதான் சொல்லவில்லையாம்.

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் என் கணவர் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கீழே காப்பிக் கடைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது அந்தப் பேச்சே இருக்காது. பல விஷயங்கள் அப்படிப் பேசாமலேயே போயிருக்கின்றன. அன்றும் வழக்கம் போல விருட்டென்று எழுந்தார். இரும்புக் கதவின் பிடியில் கை வைத்தார். மறுபக்கத்து இரைச்சல் கேட்டது. கையை எடுத்தார். மறுபடி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

கொட்டு வாங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "சொந்த ஊர் இங்கதானா?" என்று கேட்டார்.

"இங்கதான்பா. அவ தாத்தா காலத்துலயே வந்துட்டாங்க."

"அவங்க அப்பா என்ன பண்றாரு?"

"ரிட்டயர்ட் கிளார்க்."

"அவங்க வீட்டுப் பக்கம் எந்த பஸ் போகுது?"

அவன் எண்ணைச் சொன்னான். அந்த வழித்தடத்தில் இவர் நான்கு வருடம் ஓட்டியிருக்கிறார். அந்தப் பெண் ஏறும் நிறுத்தம் எது, காலையில் அங்கே எவ்வளவு கூட்டம் என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணி மட்டும், "சர்ச்சுலயா கோயில்லயா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர்கள் இருவரும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. கடைசியில், "ரெண்டுலயும் மாலைக்கு நான்தான்" என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

அரை மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. யாராவது போய்க் கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் பூச்சிகள் வெளிச்சத்தைத் தேடி வெளியேறும் என்று எனக்குத் தோன்றியது. மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையும் கணவரிடமிருந்து வாங்கி மாட்டிக்கொண்டேன். எனக்கு மூட்டு வலி, வேகமாக நடக்க வராது. கையை வீசாமல், சுவரை ஒட்டி, அடி அடியாக நடந்தேன். தலைக்கு மேல் நாலைந்து சுற்றின. ஹெல்மெட்டில் ஒன்று டொக்கென்று மோதியது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்து ஜன்னல்களை அகலத் திறந்து, எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்தேன். பத்து நிமிடத்தில் கூடம் காலியானது.

ஆறு மணிக்கு வந்தவர் மலாய்க்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக வந்தார். சமையலறையை எட்டிப் பார்த்ததும் முகர்ந்தார். துவைக்கும் இயந்திரத்தின் மேலிருந்த தூபக்காலைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார்.

"அங்கிள், தெபுவான் கூட்டுக்குப் புகையா? ஒன்பதாம் மாடியில?" என்றார் ஆங்கிலமும் மலாயும் கலந்து; மலாயில் கதண்டுக்குத் தெபுவான் என்று பெயர். "யூ வெரி லக்கி லா."

பேட்டைக் காட்டியதும் இன்னும் திட்டினார். நசுக்கப்பட்ட ஒன்றின் வாடையே மற்றவற்றைக் கூப்பிட்டுவிடுமாம். நான் நடந்த கதையைக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி நடந்ததுதான் சரியான நடை" என்றார். மூட்டு வலி என்று நான் சொல்லவில்லை.

வெள்ளை உடையும் வலை போட்ட தொப்பியும் அணிந்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார். எங்களைக் கூடத்தில் இருக்கச் சொல்லி, சமையலறை விளக்கை அணைத்தார். வெளியே போனவை கூட்டுக்குத் திரும்பட்டும் என்று பொழுது சாயும்வரை பேசாமல் காத்திருந்தார். பிறகு கூட்டின் வாயில் ஒரு குழாயால் மருந்துத் தூளைச் செலுத்தினார். கால் மணி நேரம் மறுபடி காத்திருப்பு. அப்புறம் கூட்டைப் பைக்குள் விட்டு அறுத்து எடுத்துவிட்டார். ஏழரைக்கெல்லாம் முடிந்தது. மாதம் ஒருமுறை அந்த மேடையை எட்டிப் பாருங்கள், எலுமிச்சம்பழ அளவில் இருக்கும்போதே கூப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அண்ணி கொடுத்த மல்லிகையை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் சாம்பிராணி மணம் போக நான்கு நாளானது.

அந்தப் பெண் மூன்றாவது வாரம் சாப்பிட வந்தாள். கூச்சமில்லாத பெண், சிரித்த முகம். அவள் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, என் கணவர் அவளைச் சமையலறை ஜன்னலுக்கு அழைத்துப் போய்விட்டார். கூடு எங்கே இருந்தது, கதண்டைக் கண்டால் ஏன் கை வீசக் கூடாது, ஏன் புகை போடவே கூடாது என்று விரிவாக விளக்கினார். யார் புகை போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. என் மகன் படம் எடுத்திருந்ததும், அந்தப் படத்தை அவள் ஏற்கெனவே பலமுறை பார்த்திருந்ததும் அவருக்குத் தெரியாது. அவள் கடைசிவரை சிரிக்காமல், "அப்படியா அங்கிள், அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். நான் அவளுக்கு இன்னும் இரண்டு துண்டு மீன் எடுத்து வைத்தேன்.