நான் மறைத்த தழும்பு

1950-களின் நடுவில் நடந்தது இது. அப்போது ராமநாதபுரம் அரண்மனை வாசலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். சிலோனுக்குப் போக பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் அக்கரைக்குப் போவது மதுரைக்குப் போவது மாதிரிதான். சட்டம் வந்த பிறகு, கல்யாணத்துக்குக்கூடப் படம் எடுக்காத கடற்கரை ஜனங்களெல்லாம் என் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நல்ல காலம்.

பாஸ்போர்ட் படத்துக்கான விதியெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். முகம் நேராக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், தலைப்பாகையோ முக்காடோ கூடாது, பின்னால் வெள்ளைத் துணி, சிரிக்கக் கூடாது. கடைசி விதியைச் சொல்லவே வேண்டியதில்லை. கேமராவைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் தானாகவே செத்துவிடும்.

எனக்கு ஒரு கர்வம் இருந்தது, டச்சிங்கில் என்னை அடிக்க ஆளில்லை என்று. டச்சிங் என்றால், கழுவி எடுத்த கண்ணாடி நெகட்டிவின் மேல் மருந்து தடவி, கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, முகத்திலுள்ள பரு, சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் மறைப்பது. கல்யாணப் படம் என்றால் மாப்பிள்ளைக்குப் பத்து வயது குறைத்துக் கொடுப்பேன். பாஸ்போர்ட் படத்தில் டச்சிங் கூடாது என்றும் விதி இருந்தது. அது கத்துக்குட்டிகளுக்குச் சொன்னது, பென்சில் பட்டதே தெரியாமல் செய்கிறவனுக்கு இல்லை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் பாம்பனிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கடல்தொழில் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இவளையும் அங்கே வரச் சொல்லியிருந்தார். அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை ஒரு தழும்பு. சின்ன வயதில் வள்ளத்து நங்கூரம் கிழித்ததாம். உட்கார்ந்ததும் அந்தக் கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

"முக்காடு கூடாது தாயி, எடுத்துரு" என்றேன்.

எடுத்தாள். ஆனால் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது. அன்று சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அந்தத் தழும்பை மறைத்தேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். படத்தை வாங்கியவள் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். காலையில் கடை திறந்த கையோடு ஒரு வாலிபன் உள்ளே நுழைந்தான். பின்னால் அந்தப் பெண்.

"யோவ், எங்கக்கா மூஞ்சிய எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?" என்றான்.

விஷயம் இதுதான். பாஸ்போர்ட்டும் விசாவும் வந்துவிட்டன. இரண்டு நாளைக்கு முன்பு கொழும்பிலிருந்து தந்தி: புருஷன் ஆஸ்பத்திரியில், உடனே புறப்படவும். அடித்துப் பிடித்துத் தனுஷ்கோடித் துறைக்குப் போயிருக்கிறாள். பாஸ்போர்ட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது கன்னத்தில் நீளமான தழும்பு என்று எழுதியிருக்கிறது. ஆளிடமும் தழும்பு இருக்கிறது. படத்தில் மட்டும் இல்லை. படத்தில் இருப்பது வேறு பெண் என்று சொல்லி அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தவர் பாஸ்போர்ட்டிலும் கள்ளத்தோணியிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்த காலம். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த நெகட்டிவைத் தேடி எடுத்துத் துணியில் சுற்றினேன். ஒரு பாட்டில் டர்பன்டைனும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு ரயில் ஏறினேன். வழியெல்லாம் தம்பிக்காரன் என்னை முறைத்துக்கொண்டே வந்தான். அவள் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பாம்பன் பாலம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, படத்தப் பாத்தப்பவே இது நா இல்லைன்னு தெரியும்ணே. ஆனா அழகா இருந்துச்சு. அதான் வாயத் தொறக்கல."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தனுஷ்கோடியில் அந்த அதிகாரி முன்னால் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் கன்னத்தைத் துடைத்தேன். பென்சில் கரைந்து பஞ்சில் கறுப்பாக ஒட்டியது. கண்ணாடியில் கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை தழும்பு கோடாகத் தெரிந்தது. குமாஸ்தாக்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். எந்தக் கையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்தேனோ, அந்தக் கையின் வேலையை அத்தனை பேர் பார்க்க நானே அழித்தேன். கூசிப்போய் நின்றேன்.

"எதுக்குய்யா இந்த வேல பாத்தீரு?" என்றார் அதிகாரி.

"பாவமா இருந்துச்சுங்க."

"பாவப்பட வேற எடமே கெடைக்கலையா?"

அவர் நம்பிவிட்டார். ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் எழுதிக் கொடுத்த கடிதம், புதுப் படம், அதன் பின்னால் ஒரு அரசாங்க டாக்டரின் கையெழுத்து, மேலிடத்து அனுமதி என்று எல்லாம் சேர நாலு நாள் ஆகிவிட்டது. என் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்து புதுப் படம் எடுத்தபோது அவள் கன்னத்தை மூடவில்லை. தழும்பின் மேல் வெளிச்சம் விழும்படி தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேராகப் பார்க்கும்படி நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் கப்பல் ஏறினாள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நானும் கடையைத் திறந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பிக்காரனைக் கடைத்தெருவில் பார்த்தேன். இந்தத் தடவை அவன் சண்டைக்கு வரவில்லை. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னான்.

"அக்கா போய்ச் சேந்தப்ப மச்சானுக்கு நெனவு இல்லண்ணே. அதுக்கு மொத நா சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாராம். யாரு வந்தாலும், எம் பொண்டாட்டி வந்துட்டாளான்னு கேட்டாராம்."

அவள் போய்ச் சேர்ந்த மறுநாளே அவர் இறந்துவிட்டார். அவள் அங்கேயே ஒரு கன்னியர் மடத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், ஊருக்கு வருகிற எண்ணம் இல்லையாம். சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

அதன் பிறகும் பல வருஷம் அதே தொழில்தான் செய்தேன். டச்சிங்கை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய், பிழைக்க வேண்டுமே. ஆனால் பென்சிலை எடுக்கும் முன் அந்த ஆளையே கூப்பிட்டு, படம் எதற்கு, எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கேட்டுவிடுவேன். யாரும் கேட்காமல் நான் செய்த ஒரு நல்லதுக்கு நாலு நாள் போனது. அது என்னுடைய நாலு நாளாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.