தோற்கிற அணி என்று சொன்னேன்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் வேலை செய்யும் புடவைக் கடைக்கு ஓர் அமெரிக்கத் தம்பதி வந்தார்கள். மனைவி சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, முதியவரான கணவர் நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் சரிந்தார். முதலாளி ரவி அண்ணை இங்கே பொம்பியே எனப்படும் தீயணைப்புப் படையின் அவசர உதவிக்குப் போன் எடுத்தார்.

"பொம்பியே வருகினம், தங்கச்சி. மயங்க விடாமல் கதைச்சுக்கொண்டிருக்கட்டாம்."

மனைவிக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. நான் முதியவரின் கையைப் பிடித்தேன். என்னத்தைக் கதைப்பது? அவருடைய சட்டையில் அமெரிக்கன் ஃபுட்போல் அணியொன்றின் சின்னம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைப் பற்றிக் கேட்டேன்.

மூச்சு வாங்கியபடி சொன்னார். தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணியாம். பனி கொட்டினால் ஊர்ச்சனமே திரண்டு போய் மைதானத்தில் பனியை அள்ளுமாம். அவருடைய அப்பாவும் போவாராம். அதோடு குரல் நின்றது. கண்கள் மூடின. கை குளிர்ந்துகொண்டே போனது.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"உங்கள் அணி எப்போதும் தோற்கிற அணிதானே?" என்று உரக்கக் கேட்டேன்.

ரவி அண்ணை திகைத்து என்னைப் பார்த்தார்.

முதியவரின் கண்கள் திறந்தன. "யார் சொன்னது?" என்றவர், அணி வென்ற ஆண்டுகளைக் கோபத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். குரல் தளர்ந்த போதெல்லாம் "நான் நம்பமாட்டேன்" என்றேன். பொம்பியே உள்ளே வரும்வரை நான் விடவில்லை.

சில நாட்களின் பின் அவருடைய மனைவி கடைக்கு வந்தார். கணவர் பிழைத்துவிட்டார் என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார்.

யாரையும் நோகடிக்காமல் பேசப் பழகியவள் நான். அன்று அவரைக் கோபப்படுத்தியதற்காக மட்டும் ஒருநாளும் வருந்தியதில்லை.