இஸ்தான்புல்லில் ஒரு சனி, ஞாயிறு

ஜெர்மனியில் மேற்படிப்புக்குப் போய் முதல் வருடம் முடியும் சமயம், குளிர் விடத் தொடங்கிய நேரத்தில், சனி ஞாயிறு சேர்த்து இஸ்தான்புல் போய்வந்தேன். என் வகுப்பில் எல்லோரும் வார விடுமுறைக்கு எங்காவது போய்க்கொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமை வந்து பிராக், வியன்னா என்று படம் காட்டுவார்கள். நான் அதுவரை எங்கும் போனதில்லை. சனிக்கிழமை துணி துவைப்பேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், மீதி நேரம் அறையில் குக்கர் வைத்துவிட்டு ஆம்பூருக்கு போன் பேசுவேன். அதனால் பக்கத்து அறைக் கொலம்பியப் பெண், "இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் மலிவாக இருக்கிறது, வருகிறாயா?" என்று கேட்டபோது நான் யோசிக்காமல் சரி என்றது அவளுக்கே ஆச்சரியம். கிளம்பும் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் தனியாகப் போனேன்.

அந்த ஊரின் பேரைக் கேட்டு நான் மறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் என் தோழி.

அவளும் நானும் ஆம்பூரில் ஒரே தெருக்காரர்கள். என் அப்பா தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். அம்மா வேலூரில் நர்ஸ். அவளுடைய வாப்பா பஜாரில் ஷூ கம்பெனிகளுக்கு நூலும் பசையும் விற்கும் கடை வைத்திருந்தார். அவளுடைய அம்மாவை அவள் அம்மி என்று கூப்பிடுவாள்; அதனால் எனக்கும் அம்மிதான். நாங்கள் இருவரும் நாலு வருடம் ஒன்றாக ரயிலேறி வேலூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனோம். காலை ரயிலில் கூட்டம் நெரியும். மேல்பட்டி தாண்டியதும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். உடனே அவள் போனை எடுத்து, இயர்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் இன்னொன்றை என் காதிலும் செருகி, உருதுவில் குரல் கொடுத்த துருக்கி சீரியல் ஒன்றைப் போடுவாள். எனக்கு உருது பாதிதான் புரியும். குடியாத்தம் வரும்வரை அவள் எனக்கு வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். காதலன் மேல் கோபம் வந்தாலும் சரி, வேலை போனாலும் சரி, அந்தக் கதாநாயகி இஸ்தான்புல்லில் ஒரு படகில் ஏறி நின்றுகொண்டு கடல் பறவைகளுக்கு ரொட்டி வீசுவாள்.

"ஒரு தடவை அந்த போட்ல நிக்கணும்டி," என்பாள். "நீயும் நானும். பறவைக்கு ரொட்டி போடணும். அப்புறம் செத்தாலும் பரவால்ல."

"வேலை கெடைச்சதும் போலாம்."

"எங்க வாப்பா விட மாட்டார். நீ வந்து கேட்டா விடுவாரு."

படிப்பில் அவள்தான் என்னைவிடக் கெட்டி. ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். ஆனால் கடைசி வருடத்திலேயே அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை நல்லவர், ஏசி மெக்கானிக். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகட்டும்" என்று அவரே சொன்னார். அவள் ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆபீசில் சேர்ந்தாள். நான் ஜெர்மனிக்கு விமானம் ஏறியபோது அவளுக்கு மாதம் நிறைந்த வயிறு. வழியனுப்ப வரமுடியவில்லை. வாசலில் நின்று கை காட்டினாள்.

ஆக, இஸ்தான்புல் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சொல்லிவிட்டேன்.  அந்தப் பக்கம் குழந்தை மட்டும் ஏதோ மழலையாகக் கத்திக்கொண்டிருந்தது.

"கோவமாடி?" என்றேன்.

"சீ, கோவம் இன்னா. யோசிக்கறேன்." பிறகு பட்டென்று, "சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்குது. லஞ்ச்ல போன் பண்றேன், அப்ப நீ போட்ல இருக்கணும், சரியா?" என்றாள்.

சனிக்கிழமை காலை இறங்கி, ஒரு சின்ன விடுதியில் பையை வைத்துவிட்டு, கேட்டுக் கேட்டுப் படகுத்துறைக்குப் போனேன். சரிவான தெருக்கள். வழியெல்லாம் தோல் ஜாக்கெட் கடைகள். கடை வாசலைத் தாண்டும்போது அடித்த வாடையில் எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகம் வந்தது. எங்கள் ஊரை ரயிலில் கடப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. வேறு ஊரில் ஒரு வருடம் இருந்த பிறகுதான் அந்த வாடை எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. வேலை முடிந்து வந்து அப்பா சைக்கிளை நிறுத்துவது மாதிரி இருந்தது.

படகு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்டாள். கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஸ்டிச்சிங் பிரிவுப் பெண்கள் டிபன் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"காட்டு, காட்டு!"

போனைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர், பாலம், குன்றின் மேல் மசூதியின் கூம்புகள், கம்பியோரம் கூடவே பறந்துவரும் பறவைகள். அவள் போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டாள் போல. பத்துத் தலைகள் திரைக்குள் எட்டிப் பார்த்தன.

"யாருக்கா அது?"

"என் தோஸ்த்து. துருக்கில இருக்கா."

"அங்க ஷூ கம்பெனி இருக்குதான்னு கேளுக்கா. இருந்தா நாங்களும் வர்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிய்த்து வீசினேன். ஒரு பறவை காற்றிலேயே கவ்வியது. கேன்டீனில் கைதட்டல்.  அவள் மட்டும் கையில் சோற்றைப் பிசைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குதுடி," என்றாள் கடைசியில். அதற்குள் பெல் அடித்துவிட்டது. "வெளிநாட்டு பையர் மெயில் வந்திருக்கும், போறேன். நாளைக்கு அம்மி வீட்ல இருப்பேன், கூப்புடு."

திரை அணைந்த பிறகும் படகு போய்க்கொண்டிருந்தது. கையில் முக்கால்வாசி ரொட்டி மிச்சம். வீச மனம் வரவில்லை, நானே தின்றேன்.

அக்கரையில் இறங்கி இரண்டு மணி நேரம் சுற்றித் திரிந்தபோது மதியத் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஜெர்மனியில் நான் இருந்த ஊரில் மணிக்கொரு தரம் சர்ச் மணி அடிக்கும். நியாயமாக அதைக் கேட்டால் எனக்கு வீட்டு ஞாபகம் வரவேண்டும். வந்ததில்லை. ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் மசூதி. மாலைப் பாங்கு சொல்லும் நேரம்தான் அம்மா டூட்டி முடிந்து ரயிலிறங்கி வருவாள். பாங்கு கேட்டதும் நான் அடுப்பில் பால் வைப்பேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஒரு வருடமாகக் காது ஏங்கியிருக்கிறது என்று அந்த நடைபாதையில் நின்றபோதுதான் தெரிந்தது. முதல் மசூதி முடிப்பதற்குள் எதிர்க்கரையில் இன்னொன்று எடுத்துக்கொண்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன். சாமான் வாங்கிப் போன ஒரு அம்மா என்னைப் பார்த்து நின்று, அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். "ஒண்ணுமில்லம்மா," என்று தமிழில் சொன்னேன். அவரும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே படகில் ஏறினேன். இந்த முறை அவளை நன்றாகச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று முந்தின நாளே எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். சீரியலில் கதாநாயகி நிற்கும் பின்பக்கத் தளத்தில் போய் நின்றேன். அவள் போனை எடுத்தபோது தலைக்கு எண்ணெய் வைத்து, அம்மி வீட்டுக் கட்டிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதோ பாரு, இங்கதான் அவ நிப்பா. அந்தக் கோபுரம் தெரியுதா? இரு, கிட்ட காட்டறேன்..."

"ஏய்."

"அந்தப் பக்கம் அரண்மனை..."

"ஏய், கேமராவைத் திருப்புடி."

"எந்தப் பக்கம்?"

"உன் பக்கம். கோபுரம்லாம் நான் நெறய பாத்துட்டேன். உன்னைப் பாத்துதான் ஒரு வருஷம் ஆவுது. எப்ப பேசனாலும் அடுப்பைக் காட்டற, பனியைக் காட்டற, கோபுரத்தக் காட்டற."

திருப்பினேன். காற்றில் முடியெல்லாம் கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. அவள் குழந்தையைத் தூக்கி நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் வந்து, வெகுநேரம் என்னைப் பார்த்தாள்.

"எளைச்சிட்ட. துன்றியா இல்லியா?"

"துன்றேன்."

"பொய் சொல்லாத. கண்ணு உள்ள போயிருக்குது."

நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"உனக்கு இங்க வரணும்னு எவ்ளோ ஆசை," என்றேன். "நான் வந்து நிக்கறேன். எனக்கு ஒரு மாதிரி பேஜாரா இருக்குதுடி."

"உண்மையச் சொல்லட்டா? நேத்து கேன்டீன்ல பாத்தப்ப எனக்கும் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான். ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அந்த போட்டு இல்லடி, அந்த ரயிலுதான் வேணும். காலைல மேல்பட்டி தாண்டனதும் ஒரு சீட்டு கெடைக்குமே, அது. இப்பவும் அந்த ரயில் சத்தம் ஆபீஸ்ல கேக்குது. தெனம் கேக்குது. ஆனா ஏறிப் போக எனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்ல."

 படகு அக்கரையைத் தொட்டு, ஆட்கள் இறங்கி, புது ஆட்கள் ஏறினார்கள். நான் இறங்கவில்லை. அதே படகில் திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். அவள் தன் மாமியார் வீட்டுக் கதை சொன்னாள். கணவர் சவுதிக்கு முயற்சி செய்வதைச் சொன்னாள். குழந்தைக்குப் பல் முளைப்பதைக் காட்டினாள். நான் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி முதன்முதலாக மறைக்காமல் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னதில்லை. சார்ஜ் தீரும்வரை பேசினோம். இஸ்தான்புல்லில் பார்க்கவேண்டியது என்று எல்லோரும் சொல்லும் எதையும் நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் கேட்டார்கள். படகில் போனேன் என்றேன். வேறென்ன என்றார்கள். படகில் திரும்பி வந்தேன் என்றேன்.

அந்த டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போட்டேன். எத்தனை நாள், எங்கே போவது, ஏலகிரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா என்றெல்லாம் போனிலேயே பேசி முடித்திருந்தோம். ஆனால் நவம்பரில் அவள் கணவருக்கு ரியாத்தில் வேலை உறுதியாகி, குடும்பத்தோடு வரலாம் என்று விசாவும் வந்துவிட்டது. நான் சென்னையில் இறங்குவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் அவர்கள் அதே விமான நிலையத்தில் ஏறிவிட்டார்கள். "இன்னா பண்றது, ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் அடிச்சிக்கற மாதிரி ஆயிட்டுது," என்று அங்கிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். 

ஊருக்கு வந்து நாலாம் நாள் அம்மி சாப்பிடக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் அவரும் வாப்பாவும் மட்டும். வாப்பா என்னிடம் ஜெர்மனியில் ஷூவுக்கு என்ன பசை போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். அம்மி தரையில் தஸ்தர்கான் துணியை விரித்து, எதிரில் உட்கார்ந்து, தட்டு நிறைய பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் வைத்தார். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  தட்டு காலியாகும் முன்பே இன்னொரு கரண்டி எடுத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோமா," என்றார். கூடவே அவருடைய மகளின் பேரைச் சொல்லி என்னை அழைத்தார்.

சொன்னது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போடுங்கம்மி," என்று தட்டை நீட்டினேன்.