கைதட்டல் வாங்கிய ஒப்பாரி

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் ஒரு மண்டபத்தில் ஒப்பாரிக்குக் கை தட்டினார்கள். நானும் அங்கே இருந்தேன். முன் வரிசையில், சந்தனம் பூசிக்கொண்டு!

அந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. அதனால் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதத் தொட்ட ரேஷன் விஷயம் அப்படியே நிற்கட்டும். இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சென்ற தை மாதம் ஒரு பெரிய யூனிவர்சிட்டியிலிருந்து — பெயர் வேண்டாம், அவர்களுக்கும் கௌரவம் இருக்கிறது — ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டமாக நம் பக்கம் வந்தார்கள். வில்லியனூர் ஸ்டேஷனில் அவர்களை இறக்கி, வண்டி பிடித்து, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறவனின் தலை பின் எதற்கு இருக்கிறது?

ஒருவர் மண் ஆராய்ச்சி. வரப்பு வரப்பாகக் குந்தி, மண்ணைக் கண்ணாடிக் குழாயில் அடைத்தார். இன்னொருவர் தவளை. ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, ஒரு தவளை கத்தினால் போதும், மனிதருக்குப் பரவசம் வந்துவிடும். மூன்றாமவர் மண்டை அளக்கிறவர். ராட்சச இடுக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். சோரியாங்குப்பத்தில் ஒரு குடியானவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, பல்லு புடுங்கவா?" என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை, கரும்புக்குள் போய் மறைந்துவிட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்... நாலாவது ஆள் பெட்டியைத் திறக்கும் வரை.

அவர் இளைஞர். தமிழர்தான். நாட்டுப் பாடல் ஆராய்ச்சி. அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. அதன் முன்னால் பாடினால் கறுப்புத் தட்டில் பாட்டுப் பதியும். உடனே திருப்பிப் போட்டுக் கேட்கவும் கேட்கலாம். பதிந்த தட்டைப் பச்சைக் குழந்தையை எடுப்பதுபோல் துணி சுற்றித்தான் தூக்குவார். ஊரில் அவருக்குப் 'பெட்டிக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

நடவுப் பாட்டும் தாலாட்டும் கிடைத்தன. அவருக்குப் போதவில்லை. "ஒப்பாரி இல்லாம திரும்பிப் போனா என் புரொபசர் என்னைச் சேர்க்கமாட்டார் சார்" என்றார்.

செலியமேட்டுப் பக்கம் ஒரு ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் போகப் போகப் புரியும். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்காரர் போய்க் கும்பிட்டு, ஒப்பாரி வேண்டும் என்றார்.

"ஐயோ, யாரு பூட்டாங்க?" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"யாரும் போகலம்மா. சும்மா பாடுங்க."

சும்மாவா? அந்தப் பெண்களின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். நம் பக்கத்தில் ஒப்பாரியைப் பாட்டு என்றே யாரும் நினைப்பதில்லை. பிணம் கிடக்கிற வீட்டில், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுவது அது. சாவில்லாமல் அதைச் சொன்னால் சாவைக் கூப்பிட்டதாகிவிடும். வேட்டி துவைக்கும்போது தவறிப்போய் முணுமுணுத்தால்கூட வாயில் அடி விழும்.

ஒவ்வொருத்தியாகக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம்.

அஞ்சலை அழுதால் சுற்று வட்டாரமே அழும். அப்படி ஒரு குரல். அவளுடைய கணவன் ஆறுமுகம் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவன். அங்கே ஒரு கடையில் காவல் வேலை. ஜப்பான் சண்டை தொடங்கியதும் கடிதம் நின்றது. சண்டை முடிந்து கப்பல் மறுபடி ஓடுகிறது. சில வீடுகளுக்கு ஆளே திரும்பி வந்துவிட்டார்கள், சில வீடுகளுக்குச் சாவுச் செய்தி வந்தது. ஆறுமுகத்தைப் பற்றி இரண்டில் ஒன்றும் வரவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அஞ்சலை கழுத்தில் தாலியும் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டுமாகக் காத்திருந்தாள்.

"செத்துப்போன எங்கம்மாவ நெனச்சி சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா" என்றார் பெட்டிக்காரர்.

தாயைக் கூப்பிட்டுத்தான் ஆரம்பித்தாள். பெற்றதை, வளர்த்ததை, கட்டிக் கொடுத்ததைச் சொன்னாள். கட்டிக் கொடுத்த இடம் வந்தபோது குரல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவள் திருப்பவில்லை... அது தானாகத் திரும்பியது.

"கப்பலேறிப் போன மன்னா
கரையொண்ணும் கெடைக்கலியா
காத்திருந்த கண்ணு ரெண்டும்
கடலாகிப் போனதய்யா..."

கூடையோடு நடந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். நாலைந்து அடி பாடிய பிறகுதான் அஞ்சலைக்குத் தான் பாடியது தன் காதிலேயே விழுந்திருக்கிறது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பிரமாதம்" என்றார் பெட்டிக்காரர். ஊர் முகத்தை அவர் பார்த்தால்தானே? சந்தோஷத்தில் உடனே தட்டைத் திருப்பியும் போட்டுவிட்டார். இருக்கிற கணவனுக்கு மனைவி சொன்ன ஒப்பாரி, இப்போது பெட்டிக்குள்ளிருந்து தெரு முழுக்கக் கேட்டது. கேட்டு ஓடி வந்தவர்களில் அவளுடைய கொழுந்தன் முனுசாமியும் ஒருவன்.

முனுசாமி கத்தவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "அண்ணி வாயாலயே வந்துடுச்சி. அப்போ அண்ணனுக்கு ஆவ வேண்டிய கருமாதிய நான்தானே பண்ணணும்? தாலிய எறக்கிட்டு, வூட்டப் பத்தி அப்பறமா பேசிக்கலாம்."

வீடு ஆறுமுகம் சைகோன் சம்பாத்தியத்தில் கட்டியது. ஓட்டு வீடு. பின்னால் கிணறும் கொல்லையும். அவன் இல்லை என்றால், பிள்ளை இல்லாத அஞ்சலைக்கு ஊர் வழக்கப்படி வாசல்கூட மிஞ்சாது. ஒரு பாட்டு... தாலியும் போச்சு, வீடும் போச்சு!

மறுநாள் பஞ்சாயத்து கூடியது. அஞ்சலை வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவரு சாவல. சாவலன்னு எனக்குத் தெரியும். வாய் தவறிப் பூடுச்சி."

பஞ்சாயத்துக்குத் தலைமை வகித்த பெரியதனக்காரர் வாயைத் திறந்தார். "வாய் தவறி சொன்னது காத்தோட பூடும், அத யாரும் கணக்குல எடுக்கறதில்ல. ஆனா இது பொட்டிக்குள்ள குந்திக்கினு இருக்குதே. எப்ப கேட்டாலும் அவன் செத்தான் செத்தான்னு சொல்லிக்கினே இருக்குமே" என்றார். தட்டு இருக்கிற வரை சாவும் இருக்கிறது. தட்டை உடைத்தால் சொல்லாத கணக்கு. இதுதான் தீர்ப்பு.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

பெட்டிக்காரர் வெளுத்துப்போனார். அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போய், துணி சுற்றிய தட்டை எடுத்துவந்தார். எல்லோர் எதிரிலும் துணியை விலக்கி, அஞ்சலை கையில் கொடுத்துக் காட்டி, வாங்கி, கருங்கல்லில் ஓங்கி அடித்தார். தட்டு தூள் தூளாகிவிட்டது. துண்டுகளைப் பொறுக்கி ஏரியில் போட்டார்கள். அஞ்சலை தலை முழுகி, மஞ்சள் பூசி, புதுக் குங்குமம் வைத்துக்கொண்டாள். முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்கோ அந்தப் பெட்டிக்காரர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. தன் உழைப்பைத் தானே உடைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஆராய்ச்சி முடிந்து, யூனிவர்சிட்டிக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கூட்டிக்கொண்டு சுற்றியவன் என்ற முறையில் எனக்கும் அழைப்பு. போனால், நம் ஏரித் தவளை புட்டிக்குள் மிதக்கிறது. நம் வயல் மண் குழாய் குழாயாக வரிசையில் நிற்கிறது. மைக்ராஸ்கோப்பில் எதையோ பார்க்கச் சொன்னார்கள். எனக்கு என் இமைதான் தெரிந்தது. மண்டை அளந்தவர் ஒரு படத்தைக் காட்டி நம்மைப் பற்றி என்னவோ விளக்கினார். சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்றே தெரியவில்லை.

கடைசியாகப் பெட்டிக்காரர் மேடை ஏறினார். கிராமபோனில் ஒரு தட்டை வைத்தார்.

"கப்பலேறிப் போன மன்னா..."

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதே குரல். வாயைப் பொத்திய இடத்தில் விழுந்த அந்தச் சின்ன விக்கல் உட்பட எல்லாம் அதே. ஏரியில் கரைந்துபோனதாக ஊரே நம்பிக்கொண்டிருக்கும் சாவு, புதுச்சேரியில் பட்டுச் சேலைகளுக்கும் கோட்டுகளுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாட்டு முடிந்ததும் மண்டபம் அதிரக் கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்தேன். "உடைச்சீங்களே ஐயா!"

"அது கடையில வாங்கின பழைய பஜனைத் தட்டு சார்" என்றார், சாதாரணமாக. "ரிசர்ச்சை எப்படி சார் உடைக்கிறது?"

அதோடு விட்டதா? தட்டு உறையின் மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. முத்து முத்தான எழுத்தில்: 'விதவையின் ஒப்பாரி.'

"அவ புருஷன் செத்துட்டான்னு யார் சொன்னது?" என்றேன்.

"பாட்டே சொல்லுதே சார்."

கவனித்தீர்களா? அன்றைக்கு முனுசாமி சொன்னதும் இதைத்தான். அவனுக்காவது வீட்டின் மேல் கண். இவருக்கு?

"காத்திருக்கிற பெண்ணின் பாட்டுன்னு மாத்தி எழுதுங்க" என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். தாய்க்கு, தகப்பனுக்கு, கணவனுக்கு, பிள்ளைக்கு என்று ஒப்பாரியை வகை பிரித்து வைத்திருக்கிறார்களாம். "நீங்க சொல்ற மாதிரி ஒரு வகை எங்ககிட்ட இல்லையே சார்."

இரண்டு நாள் ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. சொல்வதா, மறைப்பதா? சொன்னால் அவள் ஒடிந்துபோவாள். சொல்லாவிட்டால், நாளைக்கு வேறு யார் வாய் வழியாகவாவது முனுசாமி காதுக்குப் போய்விடும். கடைசியில் வில்லியனூர்ச் சந்தையில் அவளே எதிரில் வந்தாள். கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால், அதே பெரிய பொட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து, மெல்லச் சொல்லிவிட்டேன்: "அஞ்சலை, அன்னிக்கி உடைச்சது உன் தட்டு இல்ல."

அவள் காய்களை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் அய்யா."

"தெரியுமா?"

"துணி சுத்தி கொழந்தையாட்டம் தூக்கினு திரிஞ்சவரு, கல்லுல அடிக்கறப்போ மூஞ்சில ஒரு வலியுமில்லயே. அவரு பெத்தத அவரு அப்படி அடிப்பாரா?"

"அப்புறம் ஏன் நீ சொல்லல?"

"ஊரு பாக்க ஒண்ணு ஒடையணும், ஒடைஞ்சிது. வூடு நின்னுச்சி." முந்தானையால் ஒரு காயைத் துடைத்தாள். "அப்பறம்... நாளைக்கி நெசமாவே அவரு இல்லன்னு ஆயி, நானும் முன்னாடியே பூட்டேன்னு வையுங்க. அவருக்குன்னு அழுவ யாரு இருக்காங்க? அது எங்கியாச்சும் பத்திரமா கெடக்கட்டும்னுதான் வுட்டேன்."

காய் பொறுக்குகிறவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சந்தை இரைச்சலில் நல்லவேளையாக யாரும் கவனிக்கவில்லை.

"கேட்டவங்கோ அழுதாங்களா அய்யா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கை தட்டினாங்கம்மா" என்றேன்.

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"சாவுன்னா யாராச்சும் கை தட்டுவாங்களா? அப்போ அவரு உசுரோட இருக்காருன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குது."

அட்டையில் எழுதியிருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை.