துறைமுகத்தை எழுதிய மாமி

மாமியின் மரணத்தை அறிவித்த பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவரைப் பேராசிரியர் என்று சொல்லவில்லை. காசிம் அவர்களின் சகோதரி றஹீமா மௌத்தானார் என்றுதான் அறிவித்தது. காசிம் என் வாப்பா. பல வருடங்களாக யாரும் சேர்த்துச் சொல்லாத இரண்டு பெயர்கள் கிண்ணியா முழுக்கக் கேட்டன. வாப்பா தேநீரை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்தார்.

மாணவர்களாகிய உங்களுக்கு அவர் சர்வதேச உறவுகள் கற்பித்த றஹீமா மிஸ். எனக்கு, பக்கத்து வளவு வீட்டில் தனியாக இருந்த மாமி. நீரிழிவு என்ற சீனி வருத்தத்தில் அவருடைய பார்வை மங்கியபின், ரியூசன் முடிந்து வரும்போது வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பத்திரிகையின் உலகச் செய்திகளை வாசித்துக் காட்டுவேன்.

"'ஆழ்ந்த கவலை தெரிவித்தது' என்டிருக்கு மாமி."

"அப்ப ஒன்டும் செய்யமாட்டாங்க. அடுத்தது?"

"'மனம் திறந்து பேசினார்கள்.'"

"நல்லாச் சண்டை பிடிச்சிருக்காங்க. வாசி புள்ள."

சிரிப்போம். மதிலுக்கு அப்பால் வாப்பா இருமினால் இருவரும் மூச்சுக் காட்டமாட்டோம்.

துறைமுகக் காணியை வெளிநாட்டுக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து எழுதிய கட்டுரைதான் மாமியை நாடறியச் செய்தது. அந்தக் கம்பனியில் வாப்பா மேற்பார்வையாளர். எழுதியவரின் தம்பி என்று தெரிந்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கட்டுரை பிழை என்று மாமி எழுதித் தந்தால் திரும்ப எடுப்பதாகச் சொன்னார்களாம். அவர் எழுதவில்லை. "உலகத்துக்கெல்லாம் நியாயம் எழுதினவ, என்ட அடுப்ப யோசிச்சாவா?" என்பார் வாப்பா.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "எழுதிக் குடுத்திருக்கலாமே மாமி?"

"ஏலாது மகள். நான் எழுதினது உண்மை. அவன் பட்டதும் உண்மை."

பிறகு மதில் பக்கம் திரும்பி, "அந்த இருமலுக்கு மருந்து எடுக்கிறானா?" என்றார்.

ஜனாஸா அடக்கத்தன்று நீங்கள் பஸ் பிடித்து வந்து ஒழுங்கை நிறைய நின்றீர்கள். மையவாடி வரைக்கும், மாமியைச் சுமந்த வாப்பா தோள் மாற்றக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அவட கதை இனி இங்க வேணாம்" என்றார். அதனால்தான் எல்லோரும் உறங்கியபின் எழுதுகிறேன். கதவு அசைந்தால் கை நின்றுவிடுகிறது.

உங்களில், நினைவு மலருக்கு எழுதக் கேட்ட அக்கா, "பயமென்டா பேர் போடாம விடுறம்" என்றார்.

வேண்டாம். மாமியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, எழுதியதிலிருந்து பின்வாங்காத அந்தப் பிடிவாதம்தான். அது என்னவெல்லாம் செய்யும் என்று இரண்டு வீட்டிலும் பார்த்திருக்கிறேன். ஆனாலும், மருமகள் பஸ்னா என்றே போடுங்கள்.

வாப்பா இதைப் பார்ப்பார். அவர் என்னோடும் கதைக்காமல் விட்டால், போய் இருக்க எனக்கு இனி வேறு வீடில்லை.