ஏழாம் இழையின் வால்

கோட்டுக்காரி என்றால்தான் அந்தத் தொலைபேசி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் அவள் ஒளியை அனுப்புவாள். போகிற வழியெல்லாம் அதில் கொஞ்சம் சிதறித் திரும்பி வரும். வந்ததைக் கருவி திரையில் கோடாகப் போடும். கோடு சீராகச் சரிந்தால் இழை நலம்; படிபோல இறங்கினால் அங்கே இழைகளை இணைத்த ஒட்டு சரியில்லை. பதினொரு வருடமாக அவள் சொன்ன இடத்தில்தான் தோண்டுகிறார்கள். ஒரு குழிகூட வீணானதில்லை.

ஒரு முனையிலிருந்து மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். இந்தப் பக்கம் அழகாகத் தெரியும் ஒட்டு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பல்லிளிக்கும். அதனால் இரு முனையிலும் அளந்து சராசரி எடுப்பார்கள். மறுமுனைக்கு எப்போதும் ஒட்டுக்காரர்தான் போவார். இழைகளை உருக்கி ஒட்டுகிறவர். அவளுக்கு அண்ணன் முறை. அவள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு மாதமும் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் அனுப்பும் அளவை அவள் இரண்டாம் முறை பார்த்ததில்லை. கூடப்பிறந்தவன் கொடுத்த தண்ணியை மோந்து பார்த்தா குடிப்பாங்க என்பாள்.

இருபத்து நாலு இழை கொண்ட புதுக் கேபிள் ஒன்று. மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஏழாம் இழையில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. பொறியாளர் அவளைக் கூப்பிட்டார்.

"ஒட்டெல்லாம் சுத்தம்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒட்டுக்காரரைக் கேட்டா, 'அளவு பூரா அந்தம்மா பொறுப்பு சார், அவங்கதான் அவசரப்பட்டாங்க'ன்னு சொல்றாரு."

அந்தம்மா என்ற சொல்தான் அவளை முதலில் தைத்தது.

மாலைக்குள் விளக்கம் தர வேண்டும்; இல்லையென்றால் இனி அவள் கையெழுத்து எந்த அறிக்கையிலும் செல்லாது என்றார் பொறியாளர்.

மறுமுனையில் எடுத்த கோப்புகளைத் திறந்து, ஏழாம் கோட்டை ஆறாம் கோட்டின்மேல் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இழை முடிந்த பிறகு கோட்டின் வால் கண்டபடி நடுங்கும். ஒரே இழையை இரண்டு தடவை அளந்தாலும் அந்த நடுக்கம் ஒன்றுபோல வராது. இங்கே இரண்டு வாலும் அச்சு அசல் ஒன்று. ஒட்டுக்காரர் ஆறை நகலெடுத்து ஏழு என்று பெயர் வைத்திருக்கிறார்.

சாமான் அறையில் அவர் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் முதலில் இல்லை என்றார். பிறகு மழை என்றார், பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார்.

"ஆறு நல்லா இருந்துச்சு. ஏழு மட்டும் கெட்டா போயிடும்னு நெனச்சேன்."

"ஒரு போன் போட்டிருந்தா மறுநாள் நானே வந்து அளந்திருப்பேண்ணே. அதைக்கூட விடுங்க. நான் அவசரப்பட்டேன்னு சொல்ல எப்படி வாய் வந்துச்சு?"

அவர் துணியை நாலாக மடித்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். நீ சின்னவ, தாங்கிக்குவ."

அவள் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு மறுமுனைக்குப் போய் ஏழாம் இழையை அளந்தாள். இரண்டாவது ஒட்டில் கோடு தடாலென்று படி இறங்கியது. அறிக்கையில் நடந்ததை எழுதினாள். கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரியும் சேர்த்தாள்: "சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் தவறு."

கையெழுத்து பிழைத்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார் பொறியாளர். அவள் போகவில்லை. ஒட்டுக்காரர் பதினொரு வருடமாக அனுப்பிய கோப்புகளை முதலிலிருந்து திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.